அக்காவின் கொண்டை ஊசிகளும் என் ஸ்ட்ராபெரிக் கொடியும்

எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் இன்றுவரை எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நியாயம்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சேலையூரின் ஒரே ஸ்ட்ராபெரி விவசாயி. (மொத்த சாகுபடி, நண்பன் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு செடி.)

கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன் என்ற திமிர் வேறு. மார்கழிக் குளிரில் செடி நாலைந்து கொடிகளை ஓடவிட்டது. கொடியின் கணுவை மண்ணோடு அழுத்தி வைத்தால் வேர் விடும், பிறகு வெட்டித் தனிச் செடியாக்கலாம். அழுத்திப் பிடிக்க வளைந்த கம்பி வேண்டுமே? கிரேஸ் அக்காவின் டப்பாவிலிருந்த கொண்டை ஊசிகள் அத்தனையையும் மண்ணில் குத்திவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க குரோம்பேட்டையிலிருந்து வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் ஊசிக்கும் உள்ள சம்பந்தம்தான் தெரியவில்லை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்ததால் அம்மா காலையிலிருந்தே ஜெபத்தில் இருந்தார்.

நாலு மணிக்கு அக்கா ஒரு கையால் கொண்டையைப் பிடித்தபடி வந்தாள்.

"டேய் சாமு, என் கொண்டை ஊசியெல்லாம் எங்கடா?"

"வேர் விட்டுக்கிட்டிருக்குக்கா. ரெண்டு வாரம் பொறுத்துக்கோ."

"டாக்சி தெருமுனைக்கு வந்தாச்சு!" என்று அம்மா கத்தினார்.

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். சட்டையில் துடைத்தேன் (துடைத்ததாகத்தான் நினைத்தேன்). பார்க்க நேரமில்லாமல் அக்கா அப்படியே செருகிக்கொண்டாள்.

காபித் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா முன்னால் அவள் குனிந்தபோது, கொண்டையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. பின்னாலேயே, ஊசியோடு சேர்ந்து வந்திருந்த மூன்று இலைக் குட்டிச் செடி ஒன்று அந்த அம்மாளின் மடியில் விழுந்தது.

மூன்றாவது வரனையும் நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மாள் செடியைத் தூக்கிப் பார்த்தார். "ஸ்ட்ராபெரியா? தோட்டத்துலேர்ந்து நேரா வர்றியாம்மா?"

காலில் மண் பட்டால் இரண்டு முறை சோப்புப் போடும் அக்கா வாயைத் திறப்பதற்குள், அம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க, எந்நேரமும் தோட்டத்துலதான் கெடப்பா!" (அம்மா சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.)

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக்குப் பின்னாடி அரை கிரவுண்டு நெலம் சும்மாதான் கெடக்கு," என்றார் அவர்.

கல்யாணம் நடந்தது. மடியில் விழுந்த செடி பங்குனி வெயிலில் செத்தது. மாமியார் விடவில்லை, வெண்டை, அவரை, கத்தரி என்று அக்கா கையில் மண்வெட்டி நிரந்தரமாகிவிட்டது.

இன்றும் போன் செய்தால் அத்தான்தான் எடுப்பார். "உங்க அக்கா தோட்டத்துல இருக்கா" என்பார். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்கும்:

"சாமுவா? வேர் விட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க!"