பதினாலாம் நம்பர் டேப்பும் எங்கள் தலைதீபாவளியும்

அரியலூர்,
5-11-85

அன்பும் மரியாதையும் மிக்க மாமா அவர்களுக்கு, தங்கள் மாப்பிள்ளை முருகையன் பணிந்து வணங்கி எழுதியது. இவ்விடம் தங்கள் மகள் தனம் சௌக்கியம். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா, கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டதா என்று தெரியப்படுத்தவும். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை கூசுகிறது.

தலைதீபாவளிக்கு ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கச் சொல்லியிருந்தீர்கள். நான் வருவதற்கில்லை மாமா. தனத்தை மட்டும் பஸ் ஏற்றி விடுகிறேன். "எங்க மாப்ள கம்ப்யூட்டரையே கட்டி மேய்க்கிறாரு" என்று திருமானூர் கடைத்தெரு முழுக்க நீங்கள் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் புதுவேட்டி கட்டிக்கொண்டு நடக்க எனக்கு மூஞ்சி இல்லை.

எங்கள் வெள்ளாற்று சிமெண்ட்ஸில் கம்ப்யூட்டர் ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் இருப்பதைத் தினமும் சாயங்காலம் டேப்பில் ஏற்றி வைக்க வேண்டும். உள்ளே இருப்பது அழிந்து போனால் டேப்பிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம். எந்தத் தேதியில், எந்த நம்பர் டேப்பில், எதை ஏற்றினோம் என்று ஒரு ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரிஜிஸ்டரில் ஏறாத டேப் காலி டேப், அதுதான் இங்கே சட்டம். மெஷினை ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் வேறு ஆட்கள் மாமா, டேப்பை மாட்டி ரிஜிஸ்டர் எழுதுவதுதான் என் உத்தியோகம். கல்யாணத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் செக்‌ஷனில் சாந்தா என்று ஒரு பெண். அவள் அப்பா ராசாங்கம் சுண்ணாம்புக்கல் வெட்ட ஆலைக்கு நிலம் கொடுத்தவர், அதற்காக இவளுக்குத் தற்காலிக வேலை, தையில் நிரந்தரம் ஆகவேண்டும். நிலம் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலை அவள்தான் மூன்று வாரம் உட்கார்ந்து அடித்து ஏற்றினாள். முடிந்தது ஆயுதபூஜை அன்றைக்கு. அன்றைக்குத்தான் நாங்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பேனா, பென்சில், ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தோம். ஆபீஸர் சிவசுப்பிரமணியன் சார் பட்டியலை உடனே டேப்பில் ஏற்றச் சொன்னார், பதினாலாம் நம்பரில் ஏற்றினேன். ஆனால் பூஜையில் வைத்த ரிஜிஸ்டரை எடுத்து எழுதுவதா? சரஸ்வதி சும்மா விடுவாளா? பொரி கட்டிக்கொடுத்த காகிதத்தில் "14 - பட்டியல்" என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்கு வந்தேன், பொரியைத் தின்றோம், காகிதத்தைத் தனம் கூட்டித் தள்ளினாள். அவள் மேல் குற்றமில்லை.

மறுநாள் விஜயதசமி. "அண்ணே, நேத்து ஏத்துனத இன்னும் எழுதலயே, நான் எழுதிடட்டுமா?" என்று சாந்தா கேட்டாள். "இன்னிக்கி மொத எழுத்து நான்தாம்மா எழுதணும், நீ கைய வைக்காத" என்று ரிஜிஸ்டரைப் பிடுங்கிப் பிள்ளையார் சுழி போட்டேன், மஞ்சள் தடவினேன், ஊதுவத்தி காட்டினேன். எழுதவேண்டியதை மட்டும் எழுதவில்லை. ஆபீஸர் வந்து, "டேப்புல ஏறிடுச்சுல்ல? உள்ள இருக்கறத அழிச்சிடுங்க, இடம் பத்தல" என்றார். அழித்தேன். சாயங்காலம் லாரி வரத்து விவரம் ஏற்ற டேப் தேடினேன், ரிஜிஸ்டரைப் பார்த்தேன், பதினாலாம் நம்பர் காலி என்றது. நானே எழுதாமல் விட்ட ரிஜிஸ்டரை நானே நம்பி, பட்டியல் மேலேயே லாரியை ஏற்றிவிட்டேன் மாமா!

போன வாரம் நிலம் கொடுத்தவர்களின் சார்பில் அங்கமுத்து வந்தார். பட்டியலைப் படித்துக் காட்ட வேண்டுமென்று, சாந்தா ஞாபகமாக நம்பர் சொல்ல, பதினாலை மாட்டி இறக்கினோம். பிரிண்டர் கடகடவென்று அடித்தது. ஆபீஸர் கம்பீரமாகத் தாளைக் கிழித்து, "டி.எம்.எக்ஸ். நாலாயிரத்து நானூத்திப் பதினேழு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அடுத்ததும் லாரி. முப்பது தாளும் லாரி. அங்கமுத்து கோபப்படவே இல்லை. "நெலத்த வாங்கிட்டீங்க, இப்ப எங்க பேரயும் தொலச்சிட்டீங்களா?" என்றார். இதற்கு நடுவிலும் பழக்கதோஷத்தில் ரிஜிஸ்டரில் "இறக்கியது வெற்றி" என்று எழுதிவிட்டேன். டேப் நன்றாகத்தானே இறங்கியது!

அந்தக் குடும்பங்கள் கொடுத்த மனுக்களைத் திருச்சியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து மறுபடி அடிக்க வேண்டுமாம், அதுவரை ஒரு குடும்பத்துக்கும் ஆர்டர் கிடையாது. டேப் அலமாரிச் சாவி சாந்தாவிடம் இருப்பதால் பழி அவள் மேல் விழப் பார்த்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தால், ஏழு நாளில் பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். அந்த இடத்தில் நான் சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்று, "சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, எழுதாம விட்டது நான்தான்" என்றேன். ஆபீஸர் அசந்துபோனார். மெமோ எனக்குத்தான் வந்தது. அவமானம்தான், ஆனாலும் உங்கள் மாப்பிள்ளை கோழை இல்லை என்று கடைத்தெருவில் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

எடுத்து வைத்த மோதிரத்தைப் பொங்கலுக்குக் கொடுத்தால் போதும். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் கரும்பும் நெல்லும் குறையாமல், எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சந்தோஷமாகத் தீபாவளி கொண்டாட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
முருகையன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் தனம் வாங்கிப் படித்துவிட்டாள். "எழுந்து நின்னீங்களா? என்னிக்கி?" என்றாள். "மெமோ வந்துச்சுன்னு போட்டிருக்கே, எங்க, காட்டுங்க" என்றாள். என்னிடம் மெமோ இல்லை மாமா. மெமோ சாந்தா பேரில்தான் வந்தது. அவள் அழுதபோது நான் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். நாளையோடு ஏழு நாள் முடிகிறது. தனம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், ஆபீஸர் குவார்ட்டர்ஸ் வரை கூட வருவாளாம். நான் உள்ளே போய்ச் சொல்வதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் இதைத் தபாலில் போடுவாளாம். ஆகவே இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்திருந்தால், நான் சொல்லிவிட்டேன்.