இன்னொருக்கா அண்ணை சாட்சி சொன்ன நாள்

நாங்கள் குடியேறிய வென்ட்வேர்த்வில் பக்கத்தில் தாலியை ஒரே தடவையில் கட்டி முடித்த தமிழ் மாப்பிள்ளை ஒருவரும் இல்லை. காரணம் எங்கள் வீடியோக்காரர். முடிச்சு விழுந்ததும், "படத்திலை சரியா விழேல்லை, இன்னொருக்காக் கட்டுங்கோ" என்பார். அதனால் அவருக்குப் பெயரே இன்னொருக்கா அண்ணை. என் மகளின் கலியாணத்தில் நான் மூன்று முறை அழுதேன். முதலாவது மட்டும் உண்மை.

போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால், குடையைத் திருப்பிப்போடும் காற்று. அவரை என் காரில் பரமட்டா நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு கலியாண மண்டபத்தில் சாப்பாடு பரிமாறிய சிவம், விருந்தாளி ஒருவரை அடித்து விழுத்தியதாக வழக்கு. யாரோ போனில் எடுத்த ஏழு செக்கன் படத்தில் சிவத்தின் கை உயர்கிறது, விருந்தாளி விழுகிறார். ஊர் முழுக்க அதைப் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. சிவம் தற்காலிக விசாவில் இருப்பவன். குற்றவாளி என்றால் விசா போய்விடும். நேரில் கண்ட சாட்சி இன்னொருக்கா அண்ணை ஒருவர்தான்.

ஒரு செய்திக் கமெராவுக்கு நீதவான் அம்மா அனுமதி கொடுத்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறிய அண்ணை முதலில் கமெராக்காரரைத்தான் பார்த்தார்.

"தம்பி, ஜன்னல் வெளிச்சம் என்ரை முகத்துக்கு வரேல்லை. இஞ்சாலை தள்ளி நில்லும்."

மொழிபெயர்ப்பாளர் அன்ரி அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு அண்ணை தலையைத் தடவிக்கொண்டு கமெராவிடம் சாட்சி சொன்னார். விழப்போனவரைச் சிவம் வலக்கையால் தாங்கினானாம். சொல்லி முடித்து, "சரியா விழுந்திராது. இன்னொருக்காச் சொல்லுறன்" என்றார். இரண்டாம் முறை அது இடக்கை ஆயிற்று.

அரச வழக்கறிஞர் புன்னகையோடு எழும்பினார். "எந்தக் கை?"

சிவம் தலையைக் குனிந்துகொண்டான்.

நீதவான் பேனாவை வைத்தார். சாட்சிகள் பேசும்போது கமெரா வேண்டாம், தீர்ப்புக்கு வரட்டும் என்று அதை வெளியே அனுப்பினார். கதவு சாத்தியதும் அண்ணை பாதியாகிவிட்டார்.

"இப்போது சொல்லுங்கள். என்ன கண்டீர்கள்?"

"எந்தக் கையெண்டு தெரியாதம்மா. அந்த ஆள் கதிரையிலை தடக்கிச் சரிஞ்சவர். பிடிக்கத்தான் இவன் கை நீட்டினவன்."

"எல்லாவற்றையும் படம் எடுப்பவர், இதை ஏன் எடுக்கவில்லை?" என்றார் வழக்கறிஞர்.

"பற்றரி மாத்திக்கொண்டு நிண்டனான் ஐயா. அதாலைதான் கண்ணாலை பார்த்தனான்."

வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார்.

பின்னேரம் கமெரா திரும்பி வந்தது. சிவம் குற்றவாளி அல்ல என்பதையும் ஏன் என்பதையும் நீதவான் நிறுத்தி நிதானமாக வாசித்தார். இரவுச் செய்தியில் அது முழுசாகப் போனது. அந்த ஏழு செக்கனைப் பார்த்த எல்லோரும் இதையும் பார்த்திருப்பார்களா என்று இன்றைக்கும் எனக்குக் கவலை. கிளிநொச்சியில் சிவத்தின் அம்மா பார்த்துவிட்டார். அது போதும் என்கிறான் அவன்.

மத்தியானமே புறப்பட நினைத்திருந்தேன், தீர்ப்புவரை இருந்துவிட்டேன். வெளியே வந்தால் கார்க் கண்ணாடியில், நேரம் கடந்து நிறுத்தியதற்குத் தண்டச் சீட்டு. அண்ணை சிவத்தின் கையை விடாமல் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"என்ன அது? காசு கட்டோணுமே?" என்றார் அண்ணை.

"சும்மா விளம்பரத் துண்டு" என்று சட்டைப்பைக்குள் வைத்தேன்.

நூற்று இருபத்தொன்பது டொலர்.