கிருபாசங்கர் விசாரித்த ஐந்து பயிற்சி மையங்கள்

கிருபாசங்கருக்கு மனைவியிடம் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இரண்டே முறை முயன்றிருக்கிறார். இரண்டு முறையும் வாயைத் திறந்தால் 'சரி அம்மணி' என்றுதான் வெளியே வந்தது.

அதனால் லோகப்பிரியா அந்தப் பேச்சை எடுத்தபோது அவர் வேறு வழி பிடித்தார்.

"ஏனுங்க, எங்க பருத்தி நூல் ஆபீஸை மாசக் கடைசில மூடறாங்களாமா. நான் மெடிக்கல் பில்லிங் படிச்சு அந்த வேலைக்குப் போலாம்னு இருக்கறேனுங்க."

"அதென்னம்மணி வேலை?"

"அமெரிக்காவுல ஆஸ்பத்திரிக்குப் போறவங்க செலவுக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இங்கிருந்து பில் போட்டு அனுப்போணுமுங்க. சரவணம்பட்டில நெறைய ஆபீஸ் இருக்குதுங்க."

சரவணம்பட்டி! அது ஊரின் இன்னொரு கோடி. நூல் ஆபீஸ் அடுத்த தெரு. பகல் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்து, சுடச்சுட ரசம் வைத்து, சிங்காநல்லூர் பட்டறையிலிருந்து வரும் அவருக்குப் பரிமாறிவிட்டுப் போவாள். சரவணம்பட்டிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். டிபன் கேரியரைத் திறந்து ஆறிப்போன சோற்றைத் தின்னும் தன்னை நினைத்து அவருக்கே அழுகை வந்தது.

"தாராளமாப் படி அம்மணி. ஆனாக் கண்ட எடத்துல சேந்து ஏமாந்துபோடாத. நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

விசாரிப்பதில் அவர் புலி. தங்கை நித்யஸ்ரீக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் முடி வெட்டிக்கொள்ளும் கடை வரைக்கும் போய் விசாரித்துப் பதினோரு வரன்களைத் தட்டிக்கழித்தவர். குறையில்லாத பயிற்சி மையம் உலகத்தில் உண்டா என்ன? வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தால் அவளுக்கே ஆசை விட்டுப்போகும்.

ஒரே வாரத்தில் நாலு இடம் போய் வந்தார்.

"மொதல் எடம் வேண்டாம்மணி. வாசல்லயே நூத்துக்கு நூறு வேலை நிச்சயம்னு போர்டு. யாருக்குக் கெடச்சுதுன்னு கேட்டா ஒரு பேரும் வாயில வரலை."

"அப்படீங்களா. ரெண்டாவதுங்க?"

"இன்னைக்கே கட்டுனாப் பாதிப் பணம்கறான். அவசரப்படுத்தறவனை நம்பலாமா? மூணாவதுல வாத்தியாரே போன மாசந்தான் படிச்சு முடிச்சானாமா. ஒரு பில்லு போட்டதில்ல. நாலாவதுல கம்ப்யூட்டருக்குத் துணி போத்தி வெச்சுப்போட்டு நோட்ஸை மனப்பாடம் பண்றாங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. அதில் அவருக்குப் பெருமைகூட.

ஐந்தாவது இடம் கணபதி ஏரியாவில் இருந்தது. நடத்துகிற யுஸ்ரா எட்டு வருஷம் அதே வேலை பார்த்தவர்.

"படிச்சா வேலை நிச்சயமுங்களா?" என்று கொக்கி போட்டார் கிருபாசங்கர்.

"அப்படி எழுதித் தரமாட்டேனுங்க. எங்ககிட்டப் படிச்சவங்க நம்பர் தாறேன், நீங்களே கேட்டுக்கங்க. உங்க ஊட்டுக்காரம்மா ரெண்டு நாள் சும்மா வந்து உக்காரட்டும். புடிச்சாச் சேரட்டும்."

ஏழு பேருக்குப் போன் போட்டார். ஏழு பேரும் நல்லதே சொன்னார்கள். கடைசி நம்பிக்கையாக வகுப்பை எட்டிப் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பியனுப்பிய பில்லில் எங்கே தப்பு என்று ஒரு பெண் கண்டுபிடித்தாள். வகுப்பே கைதட்டியது. பாழாய்ப்போன கை, அவருடையதும் தட்டிவிட்டது.

"அஞ்சாவது எப்படிங்க?" என்றாள் லோகப்பிரியா.

"கணபதியா? அது சரிப்படாது."

"ஏனுங்க?"

"அது... சரிப்படாதும்மணி."

"பணத்துக்கு அவசரப்படுத்தறாங்களா?"

"அதில்ல."

"வாத்தியாரு சரியில்லீங்களா?"

"அந்தம்மா நல்லாத்தான்..." தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். "என்னமோ, ஒரு மாதிரி இருக்குது."

"அப்படீங்களா. சரிங்க."

இவ்வளவு லேசாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு ரசம் தனி ருசியாக இருந்தது.

ஒன்றாம் தேதி காலையில் லோகப்பிரியா தோளில் பையோடு நின்றாள்.

"கணபதில சேந்துட்டேனுங்க. நாலு எடத்துல அத்தனை குறை கண்டுபுடிச்சவரு, அஞ்சாவதுக்கு ஒண்ணும் கெடைக்காம முழிச்சீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன். உங்களாட்டம் யாரு விசாரிப்பாங்க!"

"அப்ப மத்தியானச் சோறு?" உள்ளே கிடந்த உண்மை தானாக வெளியே வந்து விழுந்தது.

"அதுக்கு நானும் நாலு மெஸ் விசாரிச்சேனுங்க. ஒண்ணுல எண்ணெய் சரியில்ல. ஒண்ணுல தண்ணி சரியில்ல. ஒண்ணுல உப்பு, ஒண்ணுல ஈ. குறையே இல்லாத எடம் நம்ம ஊட்டு அடுப்படிதானுங்க. அரிசி ஊறப்போட்டிருக்கறேன். மூணு விசில்ல நிறுத்திப்போடுங்க, நாலு உட்டாக் கொழஞ்சுபோகும்."