இடப்பக்கம் பாரம் கூட

"இந்த மேடு பள்ளம் எல்லாம் என்ன மகள்?"

"அது ஒரு அசைவு, மாமா."

"நல்ல அசைவோ, கூடாத அசைவோ?"

றினோஸா, மாமாவின் பெயர் போட்ட உறையிலிருந்து மாமி எடுத்துக் கொடுத்த ஈ.சி.ஜி. தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஹொலண்டில் அவள் படிப்பது ஆர்ட் ஹிஸ்டரி, பழைய ஓவியங்களின் வரலாறு. சிலாவத்துறையில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கும் ஜமால்தீன் மாமாவின் காதில் அது 'ஹார்ட்' என்று விழுந்து இரண்டு வருடமாகிறது. மருமகள் இருதயம் படிக்கிறாள் என்று பள்ளிவாசல் வரை சொல்லிவிட்டார். திருத்த அவளுக்கும் மனம் வரவில்லை. விசா நீட்டிப்புக் கடிதத்தில் பொறுப்பாளராகக் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர்தான். கடிதம் அவர் மடியில் கிடந்தது. பேனா இன்னும் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஆனால் ஒரு தாளைப் பார்த்துப் பேச அவளுக்குத் தெரியும். எதைக் காட்டினாலும் பத்து நிமிடம் பேச வேண்டும், ஒன்றையும் முடிவாகச் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு வருடமாகக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

"கோடுகளில ஒரு பதட்டம் இருக்கு மாமா. இடப்பக்கம் பாரம் கூட. நடுவில ஒரு வெறுமை."

மாமாவின் கை நெஞ்சுக்குப் போனது. "வெறுமையெண்டா? நிண்டுபோச்சோ?"

"இல்ல மாமா. அந்த வெறுமைதான் அழகு."

அவர் செற்றியில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். "ஸுஹறா, தலகாணி கொண்டுவா. ஃபேனைக் கூட்டு."

ஸுஹறா மாமி தலையணை கொண்டுவந்தாள். பிறகு சுடுதண்ணீர். பிறகு மேல்மாடியிலிருந்து ஒரு மெத்தையை இழுத்து இறக்கினாள்.

றினோஸா ஆறுதல் சொல்லப் பார்த்தாள். "பயப்படாதீங்கோ மாமா. இந்த மாதிரிக் கோடுகள் நானூறு வருசமா இருந்து வருது."

"அப்ப பரம்பரை வருத்தம்." மாமா கண்ணை மூடினார். "நான் மௌத்தாக முதல் உன்ட நிக்காஹைப் பாத்திடோணும். படிப்புக் கிடக்கட்டும். லொறிக்காரர் வீட்டுச் சியாம் நல்ல பொடியன்."

விசாக் கடிதத்தை இரண்டாக மடித்து விசிறத் தொடங்கினார்.

றினோஸாவுக்கு வியர்த்தது. "மாமா, இந்த வருத்தத்த மாத்திற வழி அடுத்த வருசப் பாடத்திலதான் வருது. நான் அங்க போனாத்தான் படிக்கலாம்."

விசிறல் நின்றது. பேனா வெளியே வந்தது. படுத்தபடியே மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தார், அதில் இரண்டு தேவையில்லாத இடங்கள். பிறகு, இருதயத்துக்கு நல்லதென்று, தூங்கிப்போனார்.

கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு றினோஸா வாசல் படலையடிக்கு வந்தாள். மாமி பின்னாலேயே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்ட தாளை டொக்டர் அண்டைக்கே பாத்து ஒண்டுமில்லையெண்டிட்டார், மகள். அதே நாள் நானும் எடுத்தனான், அத ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கல்ல, அதுதான் நான் உறையை மாத்தித் தந்தன். நீ இவ்வளவு நேரமும் பாத்தது என்ட தாள். அந்த வெறுமையெண்டியே, அதென்னெண்டு எனக்கு ஒருக்கா விளங்கச் சொல்லு."