அடுத்தவர் பிரேக் லைட்டைப் பார்ப்பவர்

ஒட்டகத்தையும் கௌதாரியையும் கழுதையையும் படைத்த இறைவன், ஜோர்தான் தலைநகரான எங்கள் அம்மானின் ஏற்ற இறக்கச் சாலைகளுக்கென்று தனியாக ஓர் இனத்தையும் படைத்திருக்கிறான். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர், அடுத்தவர் பிரேக் லைட்டைப் பார்ப்பவர்.

இந்த இனத்தை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே உங்களைத் தேடி வரும். சிக்னலில் சும்மா நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பின்னால் ஒரு ஹாரன், விட்டு விட்டு மூன்று தடவை. யார் வீட்டிலோ பிரசவ வலி போலிருக்கிறது என்று நீங்கள் பதறி ஒதுங்கினால், ஒரு வண்டி உங்கள் கதவை உரசுகிற மாதிரி வந்து நிற்கும், கண்ணாடி இறங்கும், முதலில் ஒரு மீசை வெளியே வரும், அப்புறம் ஒரு கை, அந்தக் கையில் ஒரு தஸ்பீஹ் மணிமாலை, கடைசியாகக் குரல்.

"ஹாஜி! தப்பா நெனைக்காதீங்க. சொல்றது என் கடமை. உங்க இடது பக்க பிரேக் லைட்டு எரியல."

நன்றி சொல்கிறீர்கள். போதுமா? போதாது. எப்போதிலிருந்து எரியவில்லை, ஏன் பார்க்கவில்லை, பின்னால் வருகிறவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டா இல்லையா என்று பச்சை விழுந்த பிறகும் விசாரணை நடக்கும். பின்னாலிருக்கிற வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். அவர் அசைய மாட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் அல்லவா?

நான் பயாதிர் பட்டறைத் தெருவில் பதினெட்டு வருஷமாக வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிறவன். என் மாதிரி பட்டறைக்காரர்களை இங்கே ‘உஸ்தா’ என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் நாலாவதோடு நின்றது. ஆனால் இந்த இனத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். ஏனென்றால் அதில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் என் அண்டை வீட்டுக்காரர். பெயர் அபூ குதைபா. தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஊரார் வீட்டு மீட்டரைக் குனிந்து பார்த்த முதுகு, ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யும்? ஊரார் வண்டிக்குப் பின்னால் குனிந்தது.

நல்ல மனிதர்தான். ஐந்து வேளைத் தொழுகை தவறாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள், இவர் பள்ளிவாசல் வாசலில் கிளம்புகிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பின்புறத்தை உள்ளங்கையால் தட்டி, "ஒண்ணு போச்சு! ஒண்ணு போச்சு!" என்று குரல் கொடுப்பார். என் கடைக்கு வந்தால் என் டீயைக் குடித்துக்கொண்டே என் வேலையை மேற்பார்வை பார்ப்பார். அவர் வண்டியை மட்டும் என்னைத் தொட விட்டதில்லை. அது மூன்றாவது பிரேக் லைட் வைக்கிற வழக்கம் வருவதற்கு முந்திய ஜெர்மன் வண்டி. அதை அவர்தான் பார்ப்பார்.

ஒரு நாள் வெள்ளிச் சந்தையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றோடு வந்தார். உள்ளே இரண்டு எல்இடி பல்புகள்.

"உஸ்தா, இதைப் படி. எத்தனை மணி நேரம்னு போட்டிருக்கான்?"

"அம்பதாயிரம்."

"நான் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பிரேக்கை மிதிச்சா எத்தனை வருஷம் வரும்? நூத்தி முப்பத்தேழு வருஷம்! நான் கபுருக்குள்ள போயிடுவேன். என் பேரன் போயிடுவான். லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

பெட்டிக்காரன் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார், அஸ்தஃபிருல்லாஹ், இறைவன் மன்னிக்கட்டும். இரண்டு பிரேக் லைட் பல்புகளையும் தானே கழற்றி, எல்இடியைத் தானே மாட்டி, கழற்றிய பழசை என் கையில் தர்மமாகப் போட்டார். "வெச்சுக்க. ஏழைபாழை யாருக்காவது போட்டு விடு."

மறுநாளே வண்டிக்குள் டாஷ்போர்டு முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு விழித்துக்கொண்டது. பின்னால் பல்பு செத்துவிட்டது என்று வண்டி ஓட்டுகிறவருக்குச் சொல்கிற விளக்கு அது. நான் விளக்கினேன்: எல்இடி குடிக்கிற மின்சாரம் குறைவு, பழைய வண்டிக்கு அது பழக்கமில்லை, பல்பே இல்லை என்று நினைத்துக் கத்துகிறது, ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டால் அடங்கிவிடும். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"வண்டிக்கு வயசாச்சு உஸ்தா. அதுக்குப் புதுசு புரியல. அதுக்குப் போயி பாடம் நடத்தச் சொல்றியே!"

என் மேசையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தார். நகத்தளவு கிழித்தார். மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டினார். உண்மை சொல்ல இருந்த ஒரே வாயும் மூடிக்கொண்டது.

அந்தக் கோடையில் எல்இடி இரண்டும் செத்தன. நூற்று முப்பத்தேழு வருஷத்தில் நாலு மாதம் ஓடியிருந்தது. ஒரே சந்தை, ஒரே பெட்டி, ஒரே ஆயுசு. தெருவில் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அடுத்தவர் பிரேக் லைட்டைப் பார்ப்பவரிடம் போய், உங்களுடையது எரியவில்லை என்று யார் சொல்வது? ஒரு புதன்கிழமை நான்தான் சொன்னேன்.

"அபூ குதைபா, பின்னால ரெண்டும் எரியலயே."

"எல்இடி உஸ்தா, எல்இடி! அது எப்படி எரியாம போகும்? மொதல்ல உன் கண்ணைக் காட்டு டாக்டர்கிட்ட."

இருந்தாலும் சோதித்தார். எப்படி? உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பிறகு இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். எரியவில்லை. "காலை எடுத்துட்டேன்ல, எப்படி எரியும்?" என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். மறுபடி ஓடிப்போய் மிதித்தார். மறுபடி ஓடி வந்து பார்த்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்க்கிற அளவுக்கு இறைவன் யாருக்கும் காலை நீளமாகப் படைக்கவில்லை. அதற்கு இன்னோர் ஆள் வேண்டும். "நான் பாக்கறேன், நீங்க மிதிங்க" என்றேன். கேட்டால்தானே?

இருட்டியதும், மஃரிப் தொழுகைக்குப் பிறகு, தன் வீட்டு வெள்ளைக் கல் சுவரை ஒட்டி வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தார். சுவரில் சிவப்பு தெரிந்தது. "பாத்தியா! சிவப்பு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அந்த மங்கல் சிவப்பு, முன்விளக்கோடு சேர்ந்து எரிகிற சாதாரணப் பின்விளக்கு. அவர் மாற்றாமல் விட்ட பழைய பல்பு! நான் வாயை மூடிக்கொண்டேன். வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை. என் பங்குத் தப்பு அது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மகன் குதைபாவுக்காக ஜாஹா கிளம்பியது. ஜாஹா இல்லாமல் இங்கே பெண் கேட்க முடியாது. பெரியவர்கள் வரிசையாக வண்டிகளில் போவார்கள். பெண் வீட்டில் காப்பி கொடுப்பார்கள். தலைமை தாங்கி வந்தவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பெண்ணைக் கேட்பார். பெண்ணின் தகப்பன் சம்மதித்துக் குடிக்கச் சொன்னால்தான் குடிக்க வேண்டும். பெண்ணின் தகப்பன் அபூ ஷாஹிர் கறாரான ஆள். அந்த வீட்டிலிருந்து ஏற்கனவே இரண்டு ஜாஹாக்கள் காப்பி குடிக்காமல் திரும்பியிருந்தன. குதைபா பையனோ, அந்தப் பெண் ஸுஹாவைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று ஒரு வருஷமாகச் சோறு சரியாகத் தின்னாமல் இளைத்துப் போயிருந்தான்.

பதினோரு வண்டி. கிளம்புகிற நேரத்தில் அபூ குதைபா என்ன செய்தார் என்று சொல்லவும் வேண்டுமா? மற்ற பத்து வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, பத்துப் பேரையும் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பத்தின் பின்னாலும் குனிந்தார். தன் சொந்த மச்சானின் வண்டியில் ஒரு பல்பு எரியவில்லை என்று அவரை இறக்கி வேறு வண்டியில் ஏற்றினார். "தப்பா நெனைக்காதீங்க மச்சான். மானம் போயிடும்."

"உங்க வண்டியையும் ஒரு தடவை மிதிங்க, நான் பாக்கறேன்" என்றேன்.

"நேரமாச்சு உஸ்தா! எல்லாரும் என் பின்னாலயே வாங்க."

முதல் வண்டி அவருடையது. பக்கத்தில் மாப்பிள்ளை குதைபா. இரண்டாவது வண்டியில், பெண் கேட்க வேண்டிய தலைவர் ஹாஜி மர்ஸூக் முன்னால் உட்கார, அவருடைய அண்ணன் மகன் லைத் ஓட்ட, பின்னால் நான், என் வேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"தம்பி, முன் வண்டிக்கு பிரேக் லைட்டு கெடையாது. தள்ளியே போப்பா" என்றேன்.

"தள்ளிப் போறதா?" என்றார் ஹாஜி. "இடம் விட்டா நடுவுல எவனாவது பூந்துடுவான். ஜாஹா வரிசை அறுந்தா சகுனமா இருக்கும்? ஒட்டிப் போடா லைத்!"

லைத் ஒட்டிப் போனான். ஜோஃபா மலை இறக்கம். வளைவில், தெருத் தெருவாகப் பாட்டுப் போட்டு விற்கிற கேஸ் சிலிண்டர் வண்டி ஒன்று தன் பாட்டைப் பாடிக்கொண்டே சட்டென்று நின்றது. அபூ குதைபா மிதித்தார். நன்றாகத்தான் மிதித்திருப்பார். ஆனால் எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

தெரிந்தது. மோதின பிறகு.

யாருக்கும் உயிர்ச்சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். லைத்தின் வண்டி மூக்கு நசுங்கியது. ஹாஜி மர்ஸூக்கின் கீழுதடு முகப்பில் இடித்து, அங்கேயே கத்தரிக்காய் மாதிரி வீங்க ஆரம்பித்தது. அபூ குதைபா இறங்கி வந்தார். ஹாஜியைப் பார்க்கவில்லை. மகனைப் பார்க்கவில்லை. நேரே லைத்திடம் போனார்.

"கண்ணு எங்கடா இருந்துச்சு? இடைவெளி விட்டு வரணும்னு யாரும் சொல்லித் தரலையா? என் மகன் வாழ்க்கையில வந்து இடிக்கிறியே!"

லைத் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாத பிள்ளை அவன்.

அரை மணி நேரம் தாமதமாகப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். காப்பி வந்தது. ஹாஜி கோப்பையைக் கீழே வைத்தார். பெண்ணைக் கேட்க வாயைத் திறந்தார். நாற்பது ஜாஹாக்களில் பேசிய அந்த வாயிலிருந்து இப்போது காற்றும் எச்சிலும்தான் வந்தன. பெண்ணின் தகப்பன் அபூ ஷாஹிர் அந்த உதட்டையே பார்த்தார்.

"ஹாஜிக்கு என்ன ஆச்சு?"

"இந்தப் பையன் கவனமில்லாம பின்னாலேருந்து இடிச்சுட்டான்" என்றார் அபூ குதைபா, லைத்தைக் காட்டி. "நான் முறையாத்தான் பிரேக் போட்டேன்."

"லைட்டு எரிஞ்சுதா?"

"எல்இடிங்க!"

அபூ ஷாஹிர் எழுந்தார். "நாளைக்கு என் பொண்ணு ஏறப் போற வண்டி. வாங்க, நீங்க உக்காந்து மிதிங்க. நான் பாக்கறேன்."

முப்பது பேரும் அவர்கள் பின்னால் தெருவுக்கு வந்துவிட்டோம். உள்ளே முப்பது கோப்பைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. குதைபா சுவரோரம் நின்று உதட்டைக் கடித்தான். மூன்றாவது ஜாஹாவும் இப்படியே திரும்பிவிடக் கூடாதே என்று என் மனம் துஆ செய்தது. அபூ குதைபா உட்கார்ந்தார். மிதித்தார். அபூ ஷாஹிர் பின்னால் குனிந்து நிதானமாகப் பார்த்தார். நடந்து வந்து ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில் கையை வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. சொல்றது என் கடமை. ரெண்டுமே எரியல."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாசகம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அவர் காதில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு முகப்பில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தார். நகத்தால் சுரண்டி உரித்தார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாவம், எத்தனை மாதமாகவோ.

இறங்கினார். லைத்திடம் போனார். "உன் மேல தப்பில்ல மகனே. தப்பு என்னுது. மன்னிச்சுக்க."

 அபூ ஷாஹிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்தக் காப்பியைக் கொட்டிட்டு, குடிக்கிற மாதிரி சூடா வேற கொண்டாங்க!"

குடிக்கிற மாதிரி! ஹாஜி கேட்காமலே சம்மதம் வந்துவிட்டது. குதைபா சுவரிலேயே சாய்ந்துவிட்டான். நான் வேலைப் பையைத் திறந்தேன். அவர் எனக்குத் தர்மம் செய்த பழைய பல்புகள் இரண்டும் துணியில் சுற்றி அதில்தான் கிடந்தன. மாட்டினேன். மிதிக்கச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தன. மஞ்சள் விளக்கு தானாகவே அணைந்தது. பிறகு உள்ளே போய் வாய் நிறையக் காப்பி குடித்தோம். ஹாஜி மட்டும் ஒரு பக்கமாக உறிஞ்சினார்.

அபூ குதைபா திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த செவ்வாய்க்கிழமையே அவரைச் சிக்னலில் பார்த்தேன். யாரோ ஒருவருடைய வண்டிக் கதவில் தொங்கிக்கொண்டு, "ஹாஜி, தப்பா நெனைக்காதீங்க, எல்இடியை மட்டும் நம்பவே நம்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பச்சை விழுந்து வெகு நேரமாகியிருந்தது.

வாசகரே, இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். உங்கள் மச்சானோ, மேலதிகாரியோ, மாடி வீட்டுக்காரரோ. சிரித்திருப்பீர்கள். இதை அவருக்குக் கட்டாயம் படித்துக் காட்ட வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாகக் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, அதே மனிதரையே பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். சொல்வது என் கடமை.