சாரா உம்மாவின் பிளக்சுவேட்

"டொக்டர், பொஞ்சாதிட பிரஷர் பிளக்சுவேட்!"

சொல்லிவிட்டு பதுர்தீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும், சிங்களத்தில் சொன்னால் டொக்டர் குனிந்தபடியே மருந்து எழுதுவார், இங்கிலீசில் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார் என்பது அவருடைய கணக்கு. அதற்காகவே மகள் பஹ்மாவிடம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பாடமாக்கி வந்திருந்தார்.

டொக்டர் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்தார். பிறகு கிளினிக் அட்டையையும் பார்த்தார்.

"போன முறை நூற்றைம்பது, இப்ப நூற்றறுபது. இது ஏறித்தானே இருக்கு? ஏறியும் இறங்கியும் இருந்தாத்தான் பிளக்சுவேட்," என்றார் சிங்களத்தில்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் சாரா உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பதுர்தீனுக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கச்சான் காற்று தொடங்கிக் கற்பிட்டிக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. சண்டை முடிந்து முல்லைத்தீவுக் கடல் திறந்துவிட்டதால், அவருடைய ஊரான குறிஞ்சிப்பிட்டி ஆட்கள் அங்கே கரையில் வாடி என்ற குடில் போட்டுச் சில மாதம் தங்கி மீன்பிடித் தொழில் செய்யக் கிளம்பினார்கள். அவரும் வருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் பிரஷர் இறங்காமல் இவளை எப்படி விட்டுப் போவது?

உப்பைக் குறைக்கச் சொன்னார் டொக்டர். பதுர்தீன் குசினியையே கைப்பற்றினார். உப்பு விளைகிற புத்தளத்தில் சோற்றுக்கு உப்பில்லாத ஆணம்! பஹ்மா ஒரு வாய் வைத்துவிட்டுப் பாண் வாங்க ஓடினாள். சாரா உம்மா மட்டும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் சாப்பிட்டாள். பாவம், எவ்வளவு பொறுமைசாலி என்று அவருக்குக் கண் கலங்கியது.

அடுத்த கிளினிக்கில் நூற்றெழுபது.

"எப்படி, பிளக்சுவேட் ஆகுதா?" என்று டொக்டரே கேட்டார்.

"இன்னும் இல்ல, டொக்டர்."

வீட்டுக்கு வந்ததும் உப்புப் போத்தலை அலுமாரிக்கு மேலே ஒளித்தார். முற்றம் கூட்டினார், தண்ணீர் அள்ளினார்.

"ஒன்னச் சுகமாக்கிட்டுத்தான் போவேன்," என்றார்.

"அப்ப போறதுண்டே முடிவா?"

"ஓம். வெள்ளி ஜும்ஆ தொழுக முடிஞ்ச கையோட லொறி."

அந்த வெள்ளிக்கு முந்தின கிளினிக்கில் நூற்றெண்பது. டொக்டர் பகிடியை விட்டுவிட்டு அட்டையில் சிவப்புக் கோடு இழுத்தார். அதுதான் பதுர்தீனை உலுக்கிவிட்டது. வீட்டு முற்றத்தில் நின்றபடியே லொறிக்காரன் ஜௌபருக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், நான் வரல்ல. கடல் எங்கயும் போகாது. எனக்கு இவதான் பெரிசு."

குசினிக்குள் சாரா உம்மா விசும்புவது கேட்டது.

அடுத்த முறை அட்டையைப் பார்த்த டொக்டர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். நூற்றுநாற்பது!

"பிளக்சுவேட்!" என்று கத்தினார் பதுர்தீன்.

"கரெக்ட்!" என்று கை குலுக்கினார் டொக்டர். இந்த முறை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

பிரஷர் இறங்கிவிட்டது, இனி என்ன தடை? சாரா உம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, ஜௌபரின் அடுத்த லொறிக்குச் சொல்லிவிட்டு, நேரே செய்னுலாப்தீன் கடைக்குப் போனார்.

"அரிசி, தேயிலை, சீனி எல்லாம் கட்டுங்க நானா. முல்லைத்தீவுப் பயணம் திரும்பவும் சரி."

செய்னுலாப்தீன் அரிசியைத் தொடவில்லை. மூலையில் இருந்த கருவாட்டுப் பெட்டியைத்தான் முதலில் இழுத்தார்.

"அப்ப சாரா உம்மாவுக்கும் உப்புக் கட்டாக் கருவாடு எடுத்து வெக்கோணும். நீங்க பயணம் வெச்சா வாங்குவா, நீங்க நிப்பாட்டினா அவவும் நிப்பாட்டிருவா."