பூவராகவன் பிரிண்டர் மீட்ட படலம்

மலை மூன்றும் மதில் சுமந்து காவல் நிற்கும் செஞ்சி மாநகரின் கடைத்தெருவிலே, உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் அகலத்தில் செங்கோல் செலுத்தும் ஜெராக்ஸ் கடை வேந்தன், மைக்கறை விரலோன், தாள்கட்டு தாங்கிய தோளோன், நெற்றியில் ஏற்றிய மூக்குக்கண்ணாடியைக் கடை முழுக்கத் தேடுவோன், பூவராகவன் வாழ்க. அவன் ஆற்றிய போரைச் சொல்கிறேன். கூட்டிச் சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. அதனால் நம்பலாம்.

அவனுக்கு வாய்த்த பட்டத்து யானை ஒரு பிரிண்டர். வெயில் குடித்து மஞ்சளேறிய மேனியும், இழுத்தால் பாதியில் நின்று முறைக்கும் தாள்தட்டும், வேலை தொடங்குமுன் மதங்கொண்ட களிறெனப் பிளிறும் குரலும் உடைய அக்கிழட்டு யந்திரம், தொண்டூர்க் குடியானவர்களின் பட்டாவையும் அவலூர்பேட்டை மண்டிக்காரர்களின் ரசீதையும் பனமலைக் காதுகுத்து நோட்டீசையும் சலிக்காது ஈன்றளித்து, ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை. ஆயின் ஐப்பசி இடியொன்று பழைய கம்ப்யூட்டரின் உயிரைக் குடிக்க, காலியான அரியணையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து அமர்ந்தது. புதிதாக வருகிறவன் முதல் காரியமாக, ஏற்கெனவே இருக்கிறவனை யாரென்று கேட்பான். எந்த ஆபீசிலும் இதுதான் நடக்கிறது.

ராஜகிரி உச்சியில் பிளந்த பாறையிரண்டையும் இணைத்துக் கிடக்கும் ஒற்றைப் பாலம் போலப் பழையதற்கும் புதியதற்கும் நடுவே கறுப்பு ஒயர் பூட்டப்பட்டது. திரை ஒளிர்ந்தது. "இந்தச் சாதனத்தை அறியோம்" என்று ஆணை பிறந்தது.

அவ்வளவில் கல்லாவின் தலைவியும், பூவராகவனின் இல்லத்தரசியும், தூசி கண்டால் பொறாதவளுமாகிய சுந்தராம்பாள் எழுந்து நின்று தன் தீர்ப்பை அறிவித்தாள்.

"மத்தியான சோத்துக்குள்ள இதுல ஒரு தாளாவது வரணும். வரலன்னா பெரியதம்பி வண்டியில ஏத்திடுவேன்."

பெரியதம்பி பழைய இரும்பு வாங்குகிறவர். தராசைச் சைக்கிளில் மாட்டிவிட்டு, டீ கிளாசும் கையுமாக, போர்க்களத்தின் மேல் வட்டமிடும் பருந்து போல வாசலில் நின்று, பிரிண்டரில் இரும்பு எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்துக்கொண்டிருந்தார்.

மூண்டது சமர். பிரிண்டரோடு பிறந்ததும் அலமாரியில் பத்திரமாகத் துயின்றதுமான வெள்ளித்தகட்டுச் சக்கரத்தை, அதாவது சிடியை, உறையிலிருந்து உருவி வேந்தன் ஓங்கினான். புதுக் கம்ப்யூட்டருக்கு அதை வாங்கும் வாயே இல்லை. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தடவிப் பார்த்தான். வாயில்லாதவனுக்கு எதை ஊட்டுவது? பின்னர் வலையுலகம் சென்று டிரைவர் என்னும் தூதனை இறக்கினான். வந்த தூதன், தான் பழைய அரசுக்கு ஊழியம் செய்தவன் என்றும் இப்புது அரசில் தனக்கு இடமில்லை என்றும் கூறி வாசலிலேயே திரும்பிவிட்டான். ஒயரைப் பிடுங்கினான், செருகினான், ஊதினான், அணைத்தான், ஏற்றினான், பிரிண்டரின் முதுகில் தட்டிக் கெஞ்சினான். கடைசியில், கடல்மணலென நீண்ட பிரிண்டர்ப் பெயர்களின் அட்டவணையைத் திறந்து, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படை தேடிய ஒற்றனாய்த் திரிந்தான். எல்லாப் பெயரும் இருந்தன. ரேஷன் கார்டில் விட்டுப்போன மூத்த மருமகளைப் போல அவன் பிரிண்டர் மட்டும் அதில் இல்லை.

வேந்தன் தோள் தளர்ந்தான். உள்ளேயிருந்து குழம்பு தாளிக்கும் வாசனை முரசறைந்தது.

"இன்னா மொதலாளி, தூக்கட்டுமா?" என்றார் பெரியதம்பி, கயிற்றை அவிழ்த்தபடி.

பூவராகவன் இரு கையாலும் பிரிண்டரை அணைத்துக்கொண்டான். அதைக் கண்ட சுந்தராம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெத்த புள்ள மாதிரி புடிச்சிக்கினு நிக்கிறாரு பாரு. ஒங்கம்மா ஒங்களத் தவுட்டுக்கு வாங்கி வேற பேரு வெச்சாங்கல்ல? அத மாதிரி இதுக்கும் ஒரு பேர வெச்சிப் பாருங்களேன்."

அது நடந்த கதைதான். முன்பிறந்த பிள்ளைகள் தக்காமல் போகவே, பூவராகவனைப் பெற்றவள் அவனைப் பக்கத்து வீட்டுக்காரி மடியில் போட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கித் தவிட்டான் என்று கூப்பிட்டாள். எமன் ஓலையில் இருப்பது பூவராகவன். வீட்டில் கிடப்பது தவிட்டான். ஆள் மாறிவிட்டது என்று திரும்பிப் போயிருப்பான். எமன் படித்தவனாகத்தான் இருக்கவேண்டும். எழுதியிருக்கிற பேரை விட்டு எதிரே இருக்கிற ஆளைப் பார்க்க அவனுக்குத் தெரியவில்லை.

கேலியாய் எய்த அம்பு வேந்தன் நெஞ்சில் விளக்காய் எரிந்தது. படித்த கம்ப்யூட்டரும் பேரைத்தானே கேட்கிறது? அட்டவணையில் அதே கம்பெனி வயிற்றில் அடுத்துப் பிறந்த தம்பிப் பிரிண்டர் ஒன்றின் பேரைக் கண்டான். இதுதான் அது என்று கூசாமல் சத்தியம் செய்து பொத்தானை அமுக்கினான்.

கம்ப்யூட்டர் யோசித்தது. நம்பியது.

அக்கணமே கிழக்களிறு பிளிறிற்று. மேசை அதிர, டீ கிளாஸ் நடுங்க, உரக்கடை வாசலில் உறங்கிய நாய் எழுந்து ஓட, பற்சக்கரமெலாம் சுழன்று, தாளொன்றைக் கவ்வி, விழுங்கி, அதன் மேல் கருமை பொழிந்து, வெற்றிக்கொடியென வெளியே நீட்டிற்று. சுந்தராம்பாள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்தெழுத்தாய் ஆராய்ந்து, கணவனுக்குச் சோறு போட உள்ளே எழுந்தருளினாள். கயிற்றைச் சுருட்டிய பெரியதம்பி, மடியிலிருந்து போனை எடுத்து, பிரிண்டரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

அவர் ஆதார் கார்டு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.